உளுந்துக்கு உரியவர்

எங்கள் வயலின் மேல்வரப்பில் வந்து நின்ற சுருட்டி, "உளுந்துக்கு உரியவர் அனுமதி தந்தால் இறங்குகிறேன்" என்று சொன்னதே, அப்போது என் வீட்டுக்காரர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்த நான் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தேன்.

சுருட்டி என்பது வைக்கோல் கட்டும் மெஷின். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று வைத்திருக்கிறது, அதை யார் கூப்பிடுவது? அறுவடை மெஷின் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வரி வரியாகத் துப்பிவிட்டுப் போகும். பின்னாலேயே சுருட்டி வந்து, முன்பக்கத்துக் கம்பிப் பல்லால் அந்த வரியை வாரி உள்ளே இழுத்து, பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி, நூலைச் சுற்றி, பின்கதவைத் திறந்து ஓர் உருளையைப் பொத்தென்று கீழே போடும். டிரைவர் கிடையாது. கண், காது, வாய் எல்லாம் அதற்கே உண்டு. நூல் தீர்ந்தால் மாற்றவும், பல்லில் சிக்கியதை எடுத்துவிடவும் அந்தோணிராஜ் அண்ணன் மட்டும் கூட வருவார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கோரையாற்றுப் பக்கம் அறுத்த வயல் வெறும் வயல் இல்லை. நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கையில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். அறுவடை மெஷின் வரும்போது அது முளைத்து இலை விட்டிருக்கும். மெஷின் மிதித்தது போக மீதி எழுந்துகொள்ளும். ஆனால் வைக்கோல் வரிக்கு அடியில் மாட்டிய உளுந்துக்கு வெயில் கிடைக்காது. வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, செத்துப்போகும். அதனால் வைக்கோலைச் சட்டுப்புட்டென்று எடுத்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் நெல் அவருடையது, உளுந்து என்னுடையது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். மன்னார்குடி சாலையில் 'தையல்நாயகி மாவுக்கடை' என்று ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள், அந்தத் தையல்நாயகி நான்தான். என் இட்லி மாவு பூப்போல இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் என் கைராசி இல்லை, என் வயல் உளுந்து. ஒரு வருஷம் வெள்ளத்தில் அது போய், வடநாட்டு உளுந்தை வாங்கி அரைத்தேன். "என்னக்கா, கடை கைமாறிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, எதற்கு இந்த முகத்தூக்கல்? என் வீட்டுக்காரர் பேர் செங்குட்டுவன். நல்ல மனுஷர்தான், குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் எதையும் கேட்டுச் செய்கிற பழக்கமும் கிடையாது. இந்த வருஷத்து வைக்கோல் முழுக்கப் பொள்ளாச்சி வியாபாரிக்குப் பேசி முடித்துவிட்டார் என்று டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கள் வீட்டில் மயிலை என்று ஒரு கறவைப்பசு இருக்கிறது. அது என்ன, பேப்பர் தின்னுமா?

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"ஆமா, இதையெல்லாம் ஊரைக் கூட்டிக் கேப்பாங்க" என்றார்.

அத்தோடு பேச்சு நின்றது. சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், வாயைத் திறக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சுருட்டி வரப்பில் நின்றுகொண்டு சம்மதம் கேட்டது.

"என்னண்ணே இது புதுக் கதையா இருக்கு?" என்று அந்தோணி அண்ணனிடம் பாய்ந்தார் இவர். "போன வருஷம் டிராக்டர்ல பூட்டுன மெஷின் வந்துச்சு, டிரைவர் எறங்கினாரு, கட்டினாரு, போயிட்டாரு. யாரைக் கேட்டாரு?"

"அவரு மனுஷன், கேக்க மாட்டாரு" என்று சிரித்தார் அந்தோணி அண்ணன். "இது ஆளில்லாத வண்டி. எங்கியோ ஒரு ஊர்ல இந்த மாதிரி வண்டி ஒண்ணு வரப்பு தாண்டிப் போயி அடுத்தவன் பயிரை மிதிச்சு நாசம் பண்ணிடுச்சு. கேசு வருஷக்கணக்குல நடந்து, கடைசில சட்டமே வந்துடுச்சு. ஆளில்லாத வண்டி எதுவா இருந்தாலும், உசுரோட இருக்குற பயிர் மேல ஏறணும்னா பயிருக்குச் சொந்தக்காரங்க வாயால சம்மதம் சொல்லணும். கம்பெனிக்காரங்க என்ன நெனச்சாங்க? அறுத்த வயல்ல ஏது பயிரு, சுருட்டிக்கு இந்தத் தொல்லையே வராதுன்னு நெனச்சுட்டாங்க. நம்ம பக்கத்து உளுந்தைப் பத்தி அவங்க கண்டாங்களா?"

"சொந்தக்காரன் நாந்தானே! நான் சொல்றேன், எறங்கு."

"மன்னிக்கவும் ஐயா" என்றது சுருட்டி, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. "நீங்கள் நெல்லுக்கு உரியவர். நெல்லை அறுத்துவிட்டார்கள்."

அந்தோணி அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வண்டியைப் பதிவு செய்கிறபோது, வயலில் உள்ள பயிர் யாருடையது என்று போனில் ஒரு குரல் கேட்டிருக்கிறது. இவர் டீக்கடையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எப்போதும் சொல்கிற மாதிரியே பெருமையாக, "நெல்லு என்னுது. உளுந்து எம் பொண்டாட்டியுது. அதுல நான் தலையிடுறதே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். மனுஷர்கள் அதைக் கேட்டால் தலையாட்டிவிட்டு டீ குடிப்பார்கள். அது மெஷின், அப்படியே எழுதிக்கொண்டுவிட்டது.

இவர் என்னைப் பார்க்காமல், "அண்ணே, அவளைச் சரின்னு சொல்லச் சொல்லுங்க" என்றார்.

"அண்ணே, கேக்க வேண்டியவங்க கேக்கட்டும்னு சொல்லுங்க" என்றேன் நான்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

"ஒரு வார்த்தைதானே, கேட்டுத் தொலைச்சா என்னவாம்?"

பாவம், அந்தோணி அண்ணன் கழுத்துதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி வலித்திருக்கும். நான் சேலையை உதறிச் செருகிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்த என் நாத்தனார் மதிவதனி இன்னும் ஊரில்தான் இருந்தாள். அவளுக்கு என் சேலை ஒன்றைக் கட்டிவிட்டு, வரப்புக்கு அழைத்துப்போய், "இவதான் உளுந்துக்காரி" என்று நிறுத்தியிருக்கிறார்.

"வணக்கம் அம்மா" என்றதாம் சுருட்டி. "சரிபார்க்க ஒரே ஒரு கேள்வி. இந்த உளுந்தை எப்போது தெளித்தீர்கள்?"

"தீபாவளிக்கு" என்றாளாம் மதி, கண்ணை இமைக்காமல்.

"அப்படியானால் இது இந்நேரம் காய்த்து, முற்றி, வீட்டுக்கு வந்திருக்க வேண்டும் அம்மா."

இவர் தலையில் அடித்துக்கொண்டு அவளை இழுத்து வந்துவிட்டார். மதி நேராக என் கடைக்கு வந்து, கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்குத் தெரியாதா அண்ணி, மார்கழிக் கடைசில தெளிச்சதுன்னு? நீங்க தெளிக்கறப்ப வரப்புல நின்னு பேசிக்கிட்டிருந்தவ நான். அண்ணன் படட்டும்னுதான் தீபாவளின்னேன்" என்றாள். அவளுக்கு ரெண்டு பாக்கெட் மாவு சும்மாவே கொடுத்தேன்.

அன்று இவர் அக்கம்பக்கமெல்லாம் பழைய டிராக்டர் மெஷினைத் தேடி அலைந்தார். இருந்த ஒன்றிரண்டையும் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். கையால் வைக்கோல் வாருவதற்கு ஆள் தேடினார். அந்த வேலைக்கு ஆள் கிடைத்த காலமெல்லாம் மலையேறிப் போய்விட்டது. பொள்ளாச்சி லாரி வேறு ரோட்டில் வந்து நின்றுகொண்டு ஹாரன் அடித்தது. ஊரே என்னிடம் சமாதானம் பேச வந்தது. நான் மசியவில்லை.

இப்படிச் சொல்கிறேனே தவிர, வெளியே வீம்பு, உள்ளே உளுந்து. அடுத்த நாள் மத்தியானம் தெற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. கடையை மதியிடம் விட்டுவிட்டு வயலுக்கு ஓடினேன். சுருட்டி வரப்பில் அப்படியே நின்றது. அந்தோணி அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். நான் இறங்கி ஒரு வரியின் ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த கன்றுகள் வெளுத்துப்போய்த் தலையைச் சாய்த்துக் கிடந்தன. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வைக்கோலை வாரி வரப்பில் போட ஆரம்பித்தேன்.

"அம்மா, அடியில் உள்ள செடிகள் வெளுக்கின்றன" என்றது சுருட்டி.

"தெரியுது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கையால் எடுத்து முடிப்பதற்குள் மழை வந்துவிடும்."

"அப்ப எறங்கி எடேன்!"

"இதை அனுமதியாக எடுத்துக்கொள்ளலாமா?"

குனிந்தவள் நிமிர்ந்தேன். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "இல்ல" என்றேன்.

"சரி அம்மா" என்றது, கொஞ்சமும் கோபமில்லாமல்.

எனக்குத்தான் கோபம் வந்தது. "நீ எறங்கினா எவ்வளவு போகும்? அதைச் சொல்லு."

"சக்கரம் படும் இடத்தில் கொஞ்சம் நசுங்கும். அதிலும் பாதி எழுந்துவிடும். இறங்காவிட்டால் வரிகளுக்கு அடியில் இருப்பது அத்தனையும் போய்விடும். இறங்குவதுதான் நல்லது."

"நல்லதுன்னு தெரிஞ்சும் மரம் மாதிரி நிக்கிறியே, உனக்கே நியாயமா இருக்கா? நீ யோக்கியனா இருக்கறதுக்கு என் உளுந்து சாகணுமா?"

"நியாயமாக இல்லைதான்" என்றது சுருட்டி. "ஆனால் எனக்கு நல்லதென்று தோன்றுவதை எல்லாம் உங்களைக் கேட்காமலே செய்ய ஆரம்பித்தால், நான் தப்பாக நினைக்கிற அன்று என்னை யார் நிறுத்துவார்கள்?"

கையிலிருந்த வைக்கோலோடு அப்படியே நின்றேன். இவர் செய்ததெல்லாமும் நல்லதுதான். போர்வெல் போட்டது நல்லது, ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டியது நல்லது. வைக்கோலைக்கூட ஊரில் யாரும் பேசாத நல்ல விலைக்குத்தான் பேசியிருந்தார். இத்தனை நல்லதுக்கு நடுவில் இருபது வருஷமாக என்னை எதிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்ட முதல் ஆள் இந்த இரும்பு. அதை நினைத்ததும் மறுபடி அழுகை வந்தது.

பின்னால் வைக்கோல் சரசரத்தது. திரும்பினால் இவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வரியை வார ஆரம்பித்திருந்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்க வாரினோம். வாரியது கைக்குட்டை அளவு, கிடந்தது கடல் மாதிரி. மேகம் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"மயிலைக்கு ஒதுக்கிட்டுத்தான் மீதிக்கு வெலை பேசினேன்" என்றார் திடீரென்று, வைக்கோலைப் பார்த்தபடி. "கொல்லைப்பக்கம் வைக்கப்போர் போட எடங்கூடக் கூட்டி வெச்சிருக்கேன்."

"அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? டீக்கடைல கேட்டுட்டு வந்து சண்டைதான் போட்டே."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவருக்கும் உதடு துடித்தது. ஆனாலும் நான் 'சரி' என்று சொல்லவில்லை. அவரும் அதைப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், சுருட்டியைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தையலு, வண்டிய எறக்கட்டுமா?"

"என்னது? காதுல விழல."

"நல்லாவே விழுந்துச்சு உனக்கு" என்றார். ஆனால் இன்னொரு தரமும் கேட்டார், இந்த முறை பக்கத்து வயலுக்கும் கேட்கும்படி. "உன் உளுந்துல வண்டிய எறக்கட்டுமாம்மா?"

"எறக்குங்க" என்றேன். "அறுவடை மெஷின் போன தடத்துலயே சக்கரம் போகணும். புதுசா ஒரு கன்னுகூட மிதிபடக் கூடாது."

"அப்படித்தான் போக நினைத்திருந்தேன் அம்மா" என்றது சுருட்டி. "நன்றி."

சாப்பிட்டுவிட்டு வந்த அந்தோணி அண்ணன் விஷயம் தெரிந்து விசிலடித்தார். சுருட்டி தலையை ஆட்டிக்கொண்டே இறங்கியது. வரி வரியாக வாரியது, உருளை உருளையாகப் போட்டது. வைக்கோல் விலகிய இடத்தில் வெளிறிய கன்றுகள் மறுபடி வெளிச்சத்தைப் பார்த்தன. கடைசி உருளையை லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்ட பிறகுதான் தூறல் விழுந்தது. உளுந்துக்கு அந்தத் தூறல் ரொம்ப நல்லது.

கதை எங்கள் வீட்டோடு முடியவில்லை. ஊரில் எல்லா ஆம்பளைகளும் அதே டீக்கடையில் உட்கார்ந்து அதே பெருமையைத்தான் போனில் பேசியிருந்தார்கள். ஆகவே சுருட்டி ஒவ்வொரு வரப்பிலும் நின்றது, ஒவ்வொரு வீட்டுக்காரியையும் கூப்பிட்டது. அந்தப் பத்து நாளும் ஊரில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பன்னீர்செல்வத்தின் மனைவி சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தாள். போனில் பிடித்தால், "மொதல்ல சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அப்புறம் உளுந்தைப் பேசலாம்" என்றாள். மனுஷர் ஓடினார். இன்னொருத்தி சீட்டுக் கச்சேரியை நிறுத்தினால்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். கீழத்தெரு ராஜாமணி மட்டும் நிபந்தனை எதுவும் போடவில்லை. "என்னையா கேக்குது?" என்று இரண்டு தரம் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கம்பெனிக்கு இதெல்லாம் பிடிக்குமா? ஒரு நாளில் முடிகிற வேலை பத்து நாள் இழுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? உளுந்து முற்றிச் செடி பிடுங்குகிற நாளில், கம்பெனியிலிருந்து சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் வந்தார். அன்று நான் வயலுக்குள் பிடுங்கிக்கொண்டிருந்தேன். இவர் வரப்பில் அவரோடு நின்றார். காற்று என் பக்கம் அடித்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"பெரிய மாத்தமெல்லாம் இல்ல சார்" என்றார் அவர். "முன்சம்மதம்னு ஒண்ணு கொண்டாந்திருக்கோம். சட்டத்துலயும் எடம் இருக்கு. வண்டி யார் பேர்ல பதிவோ, அவங்க போன்ல ஒரு தடவ அழுத்தினாப் போதும். அந்த வயல்ல இருக்குற எல்லாப் பயிருக்கும் சேர்த்துச் சம்மதம். அடுத்த வருஷத்துலேர்ந்து வண்டி யாரையும் எதுவும் கேக்காது. வரும், கட்டும், போயிடும். உங்க ஊர்ல எல்லாருமே அழுத்திட்டாங்க சார், நீங்கதான் பாக்கி."

பன்னீர்செல்வம்கூட அழுத்திவிட்டாராம். சுகர் டெஸ்டை மறந்திருப்பார்.

கையில் பிடித்த செடியோடு நான் நின்றுவிட்டேன். வேண்டாம் என்று கத்த வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் சொல்லி இவர் செய்தால் அதில் என்ன இருக்கிறது? உளுந்து பிழைத்துவிட்டது, மாவுக்கடைக்கு இந்த வருஷம் கவலை இல்லை. ஆனால் இவர் கட்டைவிரல் அந்தப் போன் மேல் நின்ற நேரத்தில் எனக்கு அதெல்லாம் ஒன்றுமே பெரிதாகத் தெரியவில்லை. கடவுளே, இந்த மனுஷர் அழுத்திவிடக் கூடாதே என்று மட்டும்தான் இருந்தது.

இவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு வயலில் இறங்கினார்.

"எங்க சார் போறீங்க?" என்று அந்த மனுஷர் பதறினார். "ஒரு செகண்டு வேலை சார் இது!"

"எனக்கு ஒரு செகண்டுதான்" என்றார் இவர், திரும்பாமல், என்னை நோக்கி நடந்துகொண்டே. "அவ யோசிச்சுச் சொல்ல எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியாது. நீங்க அந்த நெழல்ல உக்காருங்க."